மலையைத் தூக்கினான் ஒருவன். மனிதனைத் தூக்குவது யார்?

நாஞ்சில் நாட்டிலே பிறந்த பிள்ளை எவனும் பாட்டியின் மடியில் கிடந்து கேட்ட கதை ஒன்று உண்டு. இலங்கைப் போர்க்களத்தில் இலக்குவன் மூர்ச்சித்து வீழ்ந்தானாம். அவனை எழுப்ப மூலிகை தேடிப் போன அனுமன், எந்தச் செடி என்று அறியாமல் மலையையே பெயர்த்துத் தூக்கிக்கொண்டு வானவீதியிலே பறந்தானாம். பறக்கையில் ஒரு துண்டு உதிர்ந்து பொட்டையடிப் பக்கம் விழுந்ததாம். அதுதான் மருந்துவாழ்மலையாம்!

கதை கிடக்கட்டும். அந்தக் கதைக்குள்ளேயும் ஒரு கணக்கு இருக்கிறது, கவனித்தீர்களா? அடிபட்டவன் ஒருவன். அவனுக்காகப் படையே கலங்கியது. போகத் தெரிந்தவன் போனான். விடிவதற்குள் மருந்து வந்து சேர வேண்டும் என்று கெடு வைத்தார்கள். காயம்பட்டவனுக்குக் காலம்தான் உயிர் என்பது புராணம் புனைந்தவனுக்கே தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் தெரியவில்லை. மலையைத் தூக்கியவனுக்குச் சுசீந்திரத்திலே ஓங்கி உயர்ந்த சிலை. வெண்ணெய் சாத்துகிறோம், வடைமாலை போடுகிறோம். மலையிலே கால் தவறி விழுந்த மனிதனைக் கீழே தூக்கி வர யாரை வைத்திருக்கிறோம்? என்ன கொடுத்து வைத்திருக்கிறோம்?

இந்தக் கேள்வியை நாம் எழுப்பக் காரணம் ஒரு தீ. 2018-ஆம் ஆண்டு மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி மலை. சென்னையிலிருந்து ஒரு குழு; ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து இன்னொரு குழு. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள். சென்னைக் குழுவில் பெண்களே மிகுதி. கணினி நிறுவனங்களில் வேலை பார்த்தவர்கள் பலர். சனிக்கிழமை கொழுக்குமலைக்கு ஏறி, இரவு தங்கி, மறுநாள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள் சென்னைக்காரர்கள். வழியெங்கும் ஆளுயரப் புல். மாசி வெயிலில் காய்ந்து, தொட்டால் நொறுங்கும் புல். பிற்பகலில் தீ வந்தது. ஒன்பது பேர் மலையிலேயே மாண்டனர். மற்றவர்கள் மருத்துவமனைக் கட்டில்களில் ஒருவர் பின் ஒருவராகக் கண் மூடினர். மொத்தம் 23 உயிர்கள்!

"விதி" என்றார்கள் சிலர். விதியாம் விதி! மலைத்தீக்கு விதி உண்டு. அது தலையெழுத்து அல்ல, பௌதிகம். தீ மேட்டை நோக்கி ஏறும். பள்ளத்தை நோக்கி அவ்வளவு விரைவாக இறங்காது. அடுப்புக்கு மேலே தொங்கும் துணி முதலில் காய்ந்து பிறகு பற்றுவதைப் போல, சரிவிலே எரியும் தீ தனக்கு மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே வறுத்துவிடுகிறது. சரிவு பத்துப் பாகை கூடினால் தீயின் வேகம் இரு மடங்காகும் என்பது காட்டுத்தீ அணைப்பவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. மனிதனுக்கோ மேடு ஏற ஏற வேகம் குறையும். ஆகவே தீயைக் கண்டு மேலே ஓடுகிறவன் தோற்கப்போகிற பந்தயத்தில் ஓடுகிறான். பக்கவாட்டில் விலக வேண்டும். பாறைவெளியைத் தேட வேண்டும். ஏற்கெனவே எரிந்து கருகிய தரை கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் அதிலே போய் நிற்க வேண்டும். எரிந்தது மறுபடி எரியாது.

அமெரிக்காவில் மாண்டானா மாநிலத்தில் 1949 ஆகஸ்ட் 5-இல் நடந்ததைக் கேளுங்கள். மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கு. இதேபோல் காய்ந்த புல் மூடிய செங்குத்துச் சரிவு. தீயணைக்கப் போன வீரர்களையே தீ துரத்தியது. அவர்களின் தலைவன் வாக் டாட்ஜ் என்பவன், ஓடுவதை நிறுத்திவிட்டு, தன் முன்னே இருந்த புல்லுக்குத் தானே தீக்குச்சி கிழித்து வைத்தான். அது எரிந்து சாம்பலான இடத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, "வாருங்கள், வாருங்கள்" என்று மற்றவர்களைக் கூப்பிட்டான். பைத்தியம் பிடித்துவிட்டது இவனுக்கு என்று நினைத்தார்களோ என்னவோ, யாரும் போகவில்லை. மேலே ஓடினார்கள். 13 பேர் கருகினார்கள். சாம்பலில் படுத்தவன் எழுந்து வந்தான். பயிற்சி பெற்ற வீரர்களுக்கே அந்த அறிவு அன்று சொல்லிக் கொடுக்கப்படவில்லை, பிறகுதான் பாடமாயிற்று. அதற்காக நம் தோழர் யாரும் காட்டில் தீக்குச்சி கிழிக்கப் போய்விடாதீர்கள்! அறிவு இருந்தால் பிழைக்கலாம் என்பதற்காகச் சொன்னோம். நம்முடைய பிள்ளைகள் குரங்கணியில் ஏறியபோது இந்த அறிவை அவர்கள் காதில் போட அங்கே யார் இருந்தார்கள்?

சரி, தீ பற்றிவிட்டது. பிறகு?

முதலில் மேலே ஓடியவர்கள் யார் என்று கேளுங்கள். குரங்கணிக்காரர்கள், கொட்டகுடிக்காரர்கள், மலையிலே பாடுபட்டுப் பிழைக்கிற கூலிக்காரர்கள். அவர்களோடு வனத்துறையின் அடிமட்ட ஊழியர்கள், காவலர்கள், தீயணைப்பு வீரர்கள். போர்வையிலே தூளி கட்டி, அதிலே தோல் உரிந்து கிடந்தவர்களைக் கிடத்தி, இருட்டிலே சரளைக்கல் சரிவிலே தோளில் சுமந்து இறக்கினார்கள். விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் சூலூரிலிருந்து வந்தன, வராமல் இல்லை. ஆனால் இருட்டிய பின் புகை மூடிய மலைச்சரிவிலே ஹெலிகாப்டரால் என்ன செய்ய முடியும்? விடியும்வரை காத்திருந்தது. தீக்காயம் காத்திருக்குமா? வெந்த உடம்பிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருக்கும், இரத்தம் சுண்டும், மலைக்குளிர் வேறு சேர்ந்துகொள்ளும். முதல் சில மணி நேரத்தில் சலைன் ஏறினால் ஒரு கணக்கு, ஏறாவிட்டால் வேறு கணக்கு. அந்த முதல் சில மணி நேரத்தை அன்று இரவு தோளிலே சுமந்தவன் பயிற்சி பெற்றவன் அல்ல, சம்பளம் பெற்றவன் அல்ல, ஸ்ட்ரெச்சர் வைத்திருந்தவனும் அல்ல. அவனிடம் இருந்தது ஒரு போர்வை.

அன்று கோட்டையிலே கொலுவிருந்தது எடப்பாடி பழனிசாமியின் அ.தி.மு.க. ஆட்சி. ஆட்சியாளர் வாயிலிருந்து வந்த விளக்கம் என்ன? "அனுமதி பெறாமல் போனார்கள்." அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். சாவடியில் சீட்டு வாங்கினார்களா, வாங்கிய சீட்டு எந்தத் தடத்துக்கு, விட்டது யார் என்று வாரக்கணக்கில் வாதம். வனச்சரகர் ஒருவர் தற்காலிகப் பணிநீக்கம். அதுல்ய மிஸ்ரா தலைமையில் ஒரு நபர் விசாரணை. இறந்தவர் குடும்பத்துக்கு நான்கு இலட்சம். அந்த ஆண்டிலேயே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளும் வந்தன. விதிகள் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கோடையிலே காட்டை மூட வேண்டும். வழிகாட்டி இல்லாமல் ஒருவரையும் விடக்கூடாது. இதிலெல்லாம் நமக்கு மாறுபாடு இல்லை. ஆனால் ஒன்றைக் கேட்கிறோம். அனுமதிச் சீட்டு சட்டைப்பையில் இருந்தால் தீ சுடாதா? முத்திரை குத்திய தாளைக் காட்டினால் பாறை உருளாமல் நிற்குமா? "ஏன் போனாய்?" என்று கேட்பது ஆள் பிழைத்து வந்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி. தூக்கி வருவதற்கு முன்னால் கேட்க வேண்டியது "எங்கே கிடக்கிறாய்?" என்பது. முதல் கேள்வியைக் கேட்கச் சாவடி உண்டு, சரகர் உண்டு, சட்டம் உண்டு. இரண்டாவது கேள்வியைக் கேட்க அன்று குரங்கணியிலே எந்த அமைப்பும் இல்லை.

குமரி மாவட்டத்தாராகிய நமக்கு இந்த வேதனை புதிதல்ல. குரங்கணிக்குச் சரியாக நூற்றொரு நாள் முன்னால், 2017 நவம்பர் 30-இல், ஒக்கிப் புயல் நம் கடலைப் புரட்டிப்போட்டது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று ஊர் ஊராகக் கரையிலே நின்று பெண்கள் கதறினார்கள். ஆழ்கடலில் தத்தளித்தவர்களைத் தேடி அவர்களின் அண்ணன் தம்பிகளே தங்கள் படகுகளை எடுத்துக்கொண்டு போனார்கள். டிசம்பர் 7-இல் குழித்துறை ரயில் நிலையத்தை மக்கள் முற்றுகையிட்டார்களே, எதற்காக? "மீட்க வாருங்கள்" என்பதற்காக. கடலிலே மீனவனை மீனவன் தேடினான். மலையிலே மலைக்காரன் தூக்கினான். அரசு என்பது இரண்டு இடத்திலும் பிந்தி வந்தது.

வடசேரி பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு தேநீர்க் கடையில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது, சுமை தூக்கும் தோழர் ஒருவர் நம்மை மடக்கினார். "அது என்ன அண்ணாச்சி, காசு உள்ளவன் பொழுது போகாம மலையேறுதான். விழுந்தா நாம எதுக்கு அழணும்? நம்ம தோள்ல மூட்டை இருக்கு, அதைப் பாக்கட்டும்." நியாயமான கேள்வி. நம் கட்சித் தோழர்கள் பலருக்கும் உள்ளூர இருக்கிற கேள்வி. ஆகவே ஒளிக்காமல் பதில் சொல்கிறோம்.

முதலாவது, குரங்கணியில் மாண்டவர்கள் கோடீசுவரர் வீட்டுப் பிள்ளைகள் அல்ல. வாரம் ஐந்து நாள் உழைத்து, இரண்டு நாள் விடுப்பில் மலையைப் பார்க்கப் போன சம்பளக்காரர்கள் பலர். அப்பன் வயலில் நின்றான், மகள் கணினி முன்னே அமர்ந்தாள். அந்த மாற்றத்துக்காகத்தானே இந்த இயக்கம் பாடுபட்டது! படித்து வேலைக்குப் போன நம் வீட்டுப் பெண், ஆண் துணை கேட்காமல், கோயில் குளம் என்று சாக்குச் சொல்லாமல், ஒரு மலையின் உச்சியைப் பார்க்க ஆசைப்பட்டாள் என்றால், அது குற்றமா? பெரியாரின் பிள்ளைகள் அதைக் குற்றம் என்று சொல்லலாமா?

இரண்டாவது இன்னும் பெரியது. மலையிலே விழுகிறவன் மலையேற்றக்காரன் மட்டும்தானா? கீரிப்பாறையிலும் கோதையாற்றிலும் அரசு ரப்பர் கழகத் தோட்டங்களில் விடியுமுன்னே நெற்றிவிளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிறாளே, அவளைப் பாம்பு தீண்டினால்? மிளகு பறிக்க ஏறுகிறவன், தேன் எடுக்கக் கயிற்றில் தொங்குகிறவன் விழுந்தால்? பேச்சிப்பாறை அணையின் நீர்ப்பரப்பைத் தோணியிலே கடந்து வரவேண்டிய காணி மக்களின் குடியிருப்பில் நள்ளிரவில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டால்? மலையேற்றக்காரன் ஆண்டுக்கு ஒரு நாள் ஏறுகிறான். இவர்கள் ஆண்டு முழுவதும் அங்கேயே இருக்கிறார்கள். வந்து போகிறவனுக்காக ஒரு மீட்புப் படை அமைந்தால், அங்கேயே வாழ்கிறவனுக்கு நாள்தோறும் அது காவல். பக்தனையும் இந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். 2024-இல் கோவை வெள்ளியங்கிரி மலை ஏறியவர்களில் பலர் மூச்சுத் திணறியும் நெஞ்சு வலித்தும் வழியிலேயே இறந்தார்கள். அவர்கள் நம்பிக்கையில் நமக்கு உடன்பாடு இல்லை; அவர்கள் சாவிலே நமக்குத் துயரம் உண்டு.

2008 செப்டம்பரில் கலைஞர் ஆட்சியிலே 108 ஆம்புலன்ஸ் வந்தது. அதற்கு முன்னால் விபத்திலே சிக்கியவனை ஆட்டோவிலும் மாட்டு வண்டியிலும் அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடிய காலம் நம் நினைவில் இருக்கிறது. ஒரு எண், கட்டணம் கிடையாது, சாதி கேட்கமாட்டார்கள், சங்கூதும் வண்டி வீட்டு வாசலுக்கு வரும். எவ்வளவு பெரிய புரட்சி அது! ஆனால் தோழர்களே, 108 வண்டி சாலை முடியும் இடம்வரை வரும். சாலை முடிந்த இடத்துக்கும் ஆள் கிடக்கும் இடத்துக்கும் நடுவிலே இருக்கிற அந்த இரண்டு மைல், மூன்று மைல், அது யாருடையது? அந்த மூன்று மைலுக்கு இன்றும் போர்வைத் தூளிதானே துணை?

ஹெலிகாப்டர் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு, அண்டை மாநிலத்துச் செய்தி ஒன்று. 2022 பிப்ரவரியில் பாலக்காட்டு மலம்புழைக்குப் பக்கத்திலே சேராட்டு மலையில் ஒரு இளைஞன் செங்குத்துப் பாறையின் இடுக்கிலே சிக்கிக்கொண்டான். தண்ணீர் இல்லை, உணவு இல்லை. நாற்பது மணி நேரத்துக்கு மேல் அந்தப் பொந்திலே உட்கார்ந்திருந்தான். கடலோரக் காவல்படையின் ஹெலிகாப்டர் வந்து வட்டமிட்டது; பாறையை நெருங்க முடியவில்லை, திரும்பிப் போயிற்று. கடைசியில் அவனை மீட்டது எது? கயிறு! நம் நீலகிரி வெல்லிங்டனிலிருந்து போன ராணுவ வீரர்கள் மலையுச்சிக்கு ஏறி, கயிற்றிலே இறங்கி, அவனைத் தங்களோடு பிணைத்துக்கொண்டு மேலே ஏற்றினார்கள். ஒரு கயிறு, அதைக் கட்டத் தெரிந்த கைகள். இதை நம் மலையோரத்து இளைஞன் கற்றுக்கொள்ள முடியாதா? தேனெடுக்கிறவனுக்குக் கயிற்றைப் பற்றிப் பாடம் சொல்லவா வேண்டும்?

இதை ஒரு நாடு எப்படிக் கற்றுக்கொண்டது என்பதையும் பாருங்கள். நம் குமரி தாய்த்தமிழகத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1. அடுத்த மாதம் டிசம்பரில், 15,700 அடிக்கு மேல் உயர்ந்த மோன் பிளான் சிகரத்தில் இரண்டு இளைஞர்கள் பனிப்புயலில் சிக்கினார்கள். வென்சான்தோன் பிரெஞ்சுக்காரன், ஆன்ரி பெல்ஜியக்காரன். அடிவாரத்துச் சமோனி நகரிலிருந்து தொலைநோக்கி வைத்துப் பார்த்தால் அவர்கள் தெரிகிறார்கள்! ஊரே பார்க்கிறது, செய்தியாளர்கள் எழுதுகிறார்கள், தூக்கப் போவது யார் என்பதில் மட்டும் தகராறு. அந்தப் பொறுப்பு எந்தத் துறைக்கும் இல்லை. ராணுவ ஹெலிகாப்டர் ஒன்று போய்ப் பனியிலே விழுந்து நொறுங்கியது. ஹெலிகாப்டரில் போனவர்களைக் காப்பாற்றவே படாதபாடு பட்டு, இளைஞர் இருவரையும் உடைந்த ஹெலிகாப்டருக்குள்ளேயே விட்டுவிட்டு வந்தார்கள். 1957 சனவரியில் தேடலும் நின்றது. இருவரும் மாண்டனர். பிரான்சு நாடு தலைகுனிந்தது. குனிந்த தலையோடு அழுதுகொண்டிருக்கவில்லை. 1958-இல் சமோனியில் மலை மீட்புக்கென்றே ஒரு காவற்படைப் பிரிவை அமைத்தது. அன்று முதல் அவர்களுக்கு அதுதான் வேலை. ஏறுவது, இறக்குவது, பயிற்சி செய்வது. மலையிலே அரசு மீட்கப் போனால் அங்கே கட்டணம் வாங்குவதில்லை. இரண்டு உயிர் போனதற்கு, இரண்டே ஆண்டுக்குள், ஒரு படை! நமக்கு 23 உயிர் போயிற்று.

உயர்ந்த மலையென்றால் இமயத்தைச் சொல்லாமல் முடியுமா? எவரெஸ்டு ஏறியவன் பெயரை உலகம் சொல்கிறது. அவன் மூட்டையைச் சுமந்தவன் பெயரை யார் சொல்கிறார்கள்? 2014 ஏப்ரல் 18-இல் கும்பு பனியருவிப் பகுதியில் பனிப்பாறை சரிந்து 16 பேர் இறந்தார்கள். பதினாறு பேரும் நேபாளத் தொழிலாளிகள். மலையேறும் கட்டணமாகப் பெரும்பணம் வாங்கிய அரசு, ஈமச் செலவுக்கென்று குடும்பத்துக்கு நாற்பதாயிரம் நேபாள ரூபாய் தருவதாகச் சொன்னது. சேர்ப்பா தொழிலாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மூட்டையைக் கீழே வைத்துவிட்டார்கள். "ஏறமாட்டோம்!" அந்தப் பருவமே அதோடு முடிந்தது. பத்து இலட்சமாக இருந்த காப்பீடு பதினைந்து இலட்சமாயிற்று. நம் தொழிற்சங்கத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மலையின் உச்சியிலும் வேலைநிறுத்தம் வேலை செய்கிறது!

நம் மலைகளுக்குத் திரும்புவோம். நம்முடைய சேர்ப்பா யார்? காணி. 1987-இல் புஷ்பாங்கதன் என்ற அறிவியலாளரின் குழு அகத்தியமலைக் காட்டிலே ஆராய்ச்சிக்குப் போயிற்று. படித்தவர்கள் பத்தடி ஏறி மூச்சு வாங்கினார்கள். வழிகாட்ட வந்த காணிகள் களைப்பே அறியாமல் நடந்தார்கள். என்ன மாயம் என்று பார்த்தால், ஒரு சிறு செடியின் காயை அவ்வப்போது மென்றுகொண்டிருக்கிறார்கள். ஆரோக்கியப்பச்சை! அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தைத் திருவனந்தபுரத்துத் தாவரத் தோட்ட ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியது. வந்த உரிமத் தொகையில் பாதியைக் காணிகளுக்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று. உலகமே அதை எடுத்துக்காட்டாகப் பேசிற்று. அனுமன் எந்தச் செடி என்று தெரியாமல் மலையைத் தூக்கினான். காணிக்கு எந்தச் செடி என்று தெரியும்! அவனுக்குத் தடம் தெரியும், நீர்ச்சுனை தெரியும், யானை எந்த நேரம் எந்தப் பக்கம் வரும் என்று தெரியும். தெரியாதது ஒன்றுதான், தன் அறிவுக்கு மாதச் சம்பளம் உண்டு என்பது.

2024 அக்டோபரில் கழக ஆட்சி, அன்று துணை முதலமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின் கையால், தமிழ்நாட்டு மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 தடங்கள். முன்பதிவு, பயிற்சி பெற்ற உள்ளூர் மக்களே வழிகாட்டிகள். குரங்கணியிலிருந்து சாம்பலாறு போகும் தடமும் அதிலே வைக்கப்பட்டது. நம் மாவட்டத்தில் காளிகேசத்திலிருந்து பாலமோர் போகும் தடமும் வைக்கப்பட்டது. தீக்காலத்தில் தடங்களை மூடும் வழக்கமும் வந்தது. நல்ல காரியம், நெஞ்சார வரவேற்றோம். மலைக்காரன் கையிலே கூலி போய்ச் சேர வழி கண்டதற்காகவே வரவேற்றோம்.

ஆனால் நம்மவர்கள் செய்தது என்பதற்காகக் குறையைச் சொல்லாமல் விடுவது தோழமையல்ல. வழிகாட்டி வேறு, மீட்புப் படை வேறு. ஒரு குழுவோடு இரண்டு வழிகாட்டிகள் போகிறார்கள். ஒருவருக்குத் தொடையெலும்பு முறிகிறது. ஒருவர் அருகிலே இருக்க வேண்டும், ஒருவர் மற்றவர்களை இறக்க வேண்டும். தூளியைத் தூக்குவது யார்? சரிவிலே ஒரு ஆளை இறக்க ஒரு நேரத்தில் நான்கு தோள் போதாது, ஆறு தோள் வேண்டும். ஆறு பேருக்கு மாற்றாள் ஆறு பேர் வேண்டும். கைபேசிக் கோபுரத்தின் பார்வை படாத பள்ளத்திலிருந்து செய்தி சொல்ல வயர்லெஸ் வேண்டும். காலொடியாமல் வளைந்து கொடுக்கும் ஸ்ட்ரெச்சர், கயிறு, தீக்காயத்துக்குச் சுத்தமான துணி, சலைன் ஏற்றத் தெரிந்த ஒரு செவிலியர். இவை காளிகேசத்தில் ஒரு இடம், பேச்சிப்பாறையில் ஒரு இடம், மருந்துவாழ்மலை அடிவாரத்தில் ஒரு இடம் என்று மூன்று இடத்தில் நிரந்தரமாக இருக்க வேண்டும். ஆட்கள் காணிகளிலிருந்தும் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளிலிருந்தும் எடுக்கப்பட வேண்டும். தினக்கூலி அல்ல, மாதச் சம்பளம். காப்பீடு. ஆண்டுக்கு இரண்டு முறை ஒத்திகை. அதில் ஒன்று தீக்காலத்துக்கு முன்னால். கோட்டையிலே யார் அமர்ந்திருந்தாலும் இதைக் கேட்போம்.

கேட்பதற்கு முன் கணக்கு வேண்டும். தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் மலையோரக் கிளைத் தோழர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்யுங்கள். அவரவர் பகுதியில் சாலை எங்கே முடிகிறது, அதற்கு மேல் எத்தனை குடியிருப்பு, எத்தனை மைல், கைபேசி எந்த இடத்தில் எடுக்கிறது, எந்த இடத்தில் எடுக்கவில்லை, அருகிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இரவிலே யார் இருக்கிறார்கள், கடந்த ஐந்தாண்டில் தூளியிலே இறக்கப்பட்டவர் எத்தனை பேர், இறக்கியவர் யார் யார் என்று கேட்டு எழுதுங்கள். மருந்துவாழ்மலை அடிவாரத்திலே ஸ்ட்ரெச்சர் ஒன்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். இருந்தால் அது யார் பொறுப்பில், பூட்டுச் சாவி யாரிடம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நாகர்கோவில் மாவட்ட அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள். பிப்ரவரி நடுவில் தீக்காலம் தொடங்கிவிடும். அதற்குள் மனு ஆட்சியர் மேசையில் இருக்க வேண்டும்.